பெயர் வெட்டாத தூக்குப்போசி

“ஏனுங்க மேடம், இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரிய வருது?”

யாரோ ஒருவர் எப்போதோ டெபோராவிடம் கேட்ட கேள்வி அது. கேட்டவர் முகம் மறந்துவிட்டது. அந்தக் குரலில் இருந்த வியப்பு மட்டும் மறக்கவில்லை. சேலத்தில் ஒரு துணிக்கடை மாடியில் பன்னிரண்டு வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். பெயர்தான் துப்பறியும் நிலையம். வருவதெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் எங்கேயாவது நிச்சயம் ஆகி முறிந்ததா என்று விசாரித்தே வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. அப்படிப்பட்டவளுக்கு இந்த மாதிரி ஒரு கேள்வி என்பது பதக்கம் மாதிரி. மனம் சோர்ந்த நாட்களில் அதை எடுத்துத் துடைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

அந்த வியாழக்கிழமை காலை, கார் சங்ககிரியைத் தாண்டிக் கிராமத்துச் சாலையில் திரும்பியபோதும் எடுத்துப் பார்த்தாள். பளபளக்கவில்லை.

“கேஸை ஒருதடவை சொல்லு, தமிழரசு. காதால கேட்டா புதுசா ஏதாச்சும் தோணும்.”

தமிழரசு அவளுடைய உதவியாளன். ஓட்டுவதும் அவனே, பேசுவதும் அவனே. பேச்சை நிறுத்தினால் கார் நின்றுவிடும் என்று நம்புகிறவன்.

“டாக்டர் தீனதயாளனோட ஆராய்ச்சி நிலையம். மூணு வருசமா லாரிக்காரங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட ஆராய்ச்சி பண்றாங்க. எதைப் பத்தின்னா... அது வந்து... அதைப் பத்தி.”

“எதைப் பத்தி?”

“அதான் மேடம். அது.”

“எச்.ஐ.வி.ன்னு வாய் தொறந்து சொல்லேன்.”

“நீங்க சொல்லிட்டீங்களே, போதும்.”

அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாளே தவிர, தானும் லேசுப்பட்டவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் தன் அறையில் உட்கார்ந்து, “எச்.ஐ.வி., மற்ற பால்வினைத் தொற்றுகள்” என்று சளி காய்ச்சல் போலச் சொன்னபோது, அவள் குனிந்து தன் பேனாவின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். நிலையத்தின் காகிதம் எதிலும் பெண்களின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தப் பெண் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் டாக்டர். இன்னொருத்தி, வீடு வீடாகப் போய்ப் பேசி, ரத்தம் எடுக்க அழைத்துவந்து, தொற்று இருப்பவர்களை மாத்திரை விடாமல் சாப்பிட வைக்கிற களப்பணியாளர் இன்னாசிமேரி. ஆறு வாரத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பால் சொசைட்டி ஐந்து வீட்டுப் பாலை வாங்க மறுத்தது. காரணத்தை யாரும் பலகையில் எழுதிப் போடவில்லை. ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை நிலையத்தின் நெறிமுறைக் குழு கூடுகிறது. ரகசியம் வேறு வழியில்தான் கசிந்தது என்று அதற்குள் டெபோரா கண்டுபிடிக்காவிட்டால், நம்பி ரகசியம் சொன்ன பெண்களைக் காட்டிக்கொடுத்தவள் என்று எழுதி, இன்னாசிமேரியை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதத்தோடு அவள் வேறு எங்கே போய் வேலை கேட்பாள்?

இன்னாசிமேரி டெபோராவின் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள்தான். போன ஞாயிறு பூசையில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தாள். சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் இவள் பக்கம் திரும்பினாள். டெபோரா கைகூப்பிவிட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். சந்தேகப்படுகிறவர்களில் தானும் ஒருத்தி என்கிற வெட்கம்.

பால் சொசைட்டியில் காலைப் பால் ஊற்றி முடிந்து செயலாளர் பெரியசாமி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாட்டு இன்சூரன்ஸுங்க,” என்று தமிழரசு கூசாமல் பொய் சொல்லிக் கும்பிட்டான். “இந்த ஊர்ல அஞ்சு வீட்டுப் பால் எடுக்கறதில்லையாமே. கலப்படமுங்களா?”

“சேச்சே, கலப்படமெல்லாம் இல்லீங்க.” பெரியசாமி துணியை உதறினார். குரல் இறங்கியது. “அந்த ஊடுகள்ல சீக்குங்க.”

“மாட்டுக்குங்களா?”

“மாட்டுக்கு வந்தா ஊசி போட ஆளக் கூட்டியாந்திருக்க மாட்டமா? ஆளுக்குங்க.”

“மனுசனுக்குச் சீக்கு வந்தா மாட்டுக்குத் தண்டனை. மாடு என்னுங்க பண்ணுச்சு? அதுவா போய் ரத்தம் குடுத்துச்சு?”

பெரியசாமிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்குக் கூச்சமும் வந்தது. “நானு என்னுங்க பண்றது? தலைவர் சொன்னாருங்க.”

“பட்டியல் ஏதும் காட்டினாரா?” டெபோரா கேட்டாள்.

“பட்டியலெல்லாம் எங்கீங்கம்மிணி? ஒருநா காலையில வந்து இப்புடி நின்னாரு. பாலோட வரிசையில வெச்சிருந்த தூக்குப்போசிகளப் பாத்தாரு. இது, அது, அக்கட்ட இருக்கறதுன்னு அஞ்சு போசியத் தள்ளி வெக்கச் சொன்னாரு. அம்புட்டுத்தான்.”

“போசியைப் பாத்தாரா, ஆளுங்க முகத்தைப் பாத்தாரா?”

பெரியசாமி யோசித்தார். “மொகத்தப் பாக்கலீங்க. யாருதுன்னு எங்கிட்டத்தான் கேட்டாரு.”

டெபோரா அந்த ஐந்து பெயர்களையும் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டாள். பெயர்ப் பட்டியலை அவர் அவளிடமும் தர மறுத்திருந்தார். பெயர்களை நீங்கள் கொண்டுவாருங்கள், எத்தனை சரி என்று மட்டும் சொல்கிறேன் என்பது ஒப்பந்தம்.

வாசித்தாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“நாலு,” என்றார் டாக்டர். “இந்த ஊர்ல தொற்று இருக்கிறது அஞ்சு பேருக்கு. அதுல நாலு பேர்தான் நீங்க படிச்சதுல இருக்காங்க.”

டெபோரா போனை இறக்கினாள். அன்று முதன்முறையாக அவள் முகத்தில் வெயில் பட்டது.

“தமிழரசு, பட்டியலைத் திருடினவன் அஞ்சுக்கு அஞ்சு வாங்குவான். அஞ்சுக்கு நாலு வாங்கினவன் யாரு?”

“சொந்தமா படிச்சு எழுதினவன். நான் பத்தாவதுல வாங்கின மார்க்கெல்லாம் அப்படித்தான்.”

“இன்னாசிமேரி சொல்லியிருந்தா தப்பு வந்திருக்காது. இவர் ஏதோ ஓர் அடையாளத்தை வெச்சுத் தேடியிருக்கார். அது ஒரு இடத்துல பொய் சொல்லியிருக்கு. அந்த அஞ்சுல தப்பா மாட்டினது யாருன்னு தெரிஞ்சா அடையாளமும் தெரியும்.”

“யாருன்னு எப்படிக் கேக்கறது? கதவைத் தட்டி, உங்களுக்கு அது இருக்கா இல்லையான்னா?”

கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் நடந்தார்கள். நான்கு வீடுகளின் கதவு பகலிலேயே சாத்தியிருந்தது. ஐந்தாவது வீட்டில் ஒரு பெண்ணின் குரல் சாலை வரைக்கும் கேட்டது. “எவனாச்சும் வந்து எம்மோரக் குடிச்சுப் பாருங்கடா! செத்தா நாங் கேஸுக்கு நிக்கறேன்!”

“இதுதான்,” என்றான் தமிழரசு. “வெக்கப்பட்டவங்க கதவைச் சாத்துவாங்க. இந்தம்மா மைக் செட் மட்டுந்தான் வெக்கல.”

செல்லாயிக்கு ஐம்பது வயது இருக்கும். வந்தவர்களை யார் என்று கேட்பதற்குள்ளேயே மோரை ஊற்றினாள். “நாங் குடுக்காத ரத்தத்துக்கு எனக்குப் பேரு கட்டியுட்டானுங்க, சாமி. ஊசின்னா ஓடிப்போறவ நானு! ரெண்டு எருமை பாலையும் காச்சி உறை ஊத்தி ஊத்தி ஊடே தயிராப் போச்சு.”

தமிழரசு தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதில் வெட்டியிருந்ததைப் படித்தான். “‘மாமன் சீர், குப்புச்சிபாளையம்.’ மேடம், உங்க தம்ளர்?”

“‘செல்லாயி மகள் சடங்கு.’”

அந்த வீட்டில் பேசாத பாத்திரமே இல்லை. குண்டாவில் பெயர், கரண்டிக்காம்பில் பெயர், தட்டின் விளிம்பில் அண்ணன் பெயர், அண்டாவில் ஊர்க்கோயில் திருவிழாத் தேதி. விருந்துக்கு இரவல் போய்த் திரும்புகிற பாத்திரங்கள் கலந்துவிடக் கூடாது என்று வெட்டியவை. கொடுத்தவர் மறந்துபோகக் கூடாது என்று வெட்டியவை. டெபோராவின் பார்வை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய் ஒன்றில் நின்றது. மூலையில் புது எவர்சில்வர் தூக்குப்போசி. மொழுமொழுவென்று, ஓர் எழுத்துக்கூட இல்லாமல்.

“இதுல மட்டும் பேரைக் காணோமே?”

“அது பக்கத்தூட்டு ஆத்தாயி குடுத்ததுங் கண்ணு. புத்தம் புதுசு. ‘எனக்கெதுக்கு, நீ பாலூத்த வெச்சுக்க’ன்னு கொண்டாந்து வெச்சுட்டுப் போனா. பேரு வெட்டோணும்னு நெனச்சுட்டே இருக்கறேன், சந்தைக்குப் போக ஒழியல.”

தமிழரசின் கண் விரிந்தது. “அப்படின்னா மேடம், அந்த அஞ்சாவது ஆளு ஆத்...”

“மோரைக் குடி,” என்றாள் டெபோரா.

வேலிக்கு அந்தப் பக்கம் தீவனச் சோளத்தட்டுச் சுமையோடு ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுமையை இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. எல்லாம் கேட்டிருக்கிறது. தன் மேல் விழ வேண்டியது பக்கத்து வீட்டில் விழுந்ததை ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் நிற்கிறவளின் முகம் அது. டெபோராவும் அவளும் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். தெரிந்துகொள்வதே தொழிலாக இருந்தவளுக்கு, இதை மட்டும் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. டெபோராதான் முதலில் தலையைக் குனிந்தாள்.

காருக்கு வந்ததும் இன்னாசிமேரிக்குப் போன் போட்டாள்.

“மேரி, உங்க ஆராய்ச்சியில அந்தப் பொம்பளைங்களுக்கு ஏதாச்சும் பரிசு குடுப்பீங்களா?”

“குடுப்போம்க்கா. முதல்ல ரத்தம் குடுக்க வர்ற எல்லாருக்கும் ஒரு டம்ளர். தொற்று இருந்து, ஒரு வருசம் மாத்திரை விடாம வந்தவங்களுக்கு மட்டும் ஒரு தூக்குப்போசி. அவங்க படற பாட்டுக்கு அதாச்சும்...” குரல் தயங்கியது. “ஏங்க்கா?”

“பேரு வெட்டினீங்களா?”

“இல்லக்கா. கடையிலயே கேட்டாங்க, யாரு பேரு போடறதுன்னு. நிலையத்துப் பேரைப் போட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு டாக்டர் வெறுமையாவே வாங்கச் சொல்லிட்டார். இவங்களும் வெட்டிக்க மாட்டேங்கறாங்க. அதுல எம்பேரு வேண்டாம் மேடம்ங்கறாங்க.”

டெபோரா போனை வைத்தாள்.

“முடிஞ்சுது. மேரி தப்பிச்சா.”

“புரியற மாதிரி சொல்லுங்க மேடம், நான் சொந்தமா படிச்சு எழுதறவன்.”

“நம்ம பக்கத்துல ஒரு கரண்டி அன்பளிப்பாக் குடுத்தாலும் குடுத்தவன் பேரு இருக்கும். புதுப் பாத்திரம், பேரில்லன்னா குடுத்தவன் பேரைச் சொல்ல முடியாது, வாங்கினவளும் தன் பேரைப் போட மாட்டான்னு அர்த்தம். ரகசியமா இருக்கட்டும்னு வெறுமையா விட்டாங்க பாரு, அந்த வெறுமைதான் தண்டோரா போட்டுடுச்சு. தினமும் காலையில சொசைட்டி மேடையில நூறு போசி வரிசையா நிக்குது. நூறுல அஞ்சு மொட்டை.”

தமிழரசு ஸ்டியரிங்கைத் தட்டினான். “அடேங்கப்பா! பாத்த உடனே எப்படி மேடம்?”

“தெரியல,” என்றாள் டெபோரா. உண்மையிலேயே தெரியவில்லை. “யோசிச்ச மாதிரியே இல்ல. ஏற்கெனவே தெரிஞ்ச பாடம் மாதிரி வந்துது.”

சொசைட்டித் தலைவர் தங்கசாமியின் வீட்டு முன்னால் போர்வெல் ரிக் லாரி ஒன்று நின்றது. நடந்ததை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்துகொண்டால் சனிக்கிழமை மேரியை யாரும் அசைக்க முடியாது. டெபோரா போனில் ஒலிப்பதிவை அழுத்திக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியேறினாள். கேட்க வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

ஒன்றையும் கேட்க நேரவில்லை. கதவைத் திறந்த பெரியவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

“அட! டெபோரா மேடமுங்களா! வாங்க வாங்க! ஏனுங்க, என்னைய ஞாபகமில்லீங்களா? ரெண்டு வருசத்துக்கு முந்தி திருச்செங்கோட்டு ரிக் ஆபீஸ்லருந்து வந்தனே. பையனுக்கு வாழப்பாடிப் பொண்ணு பாத்து, விசாரிக்கச் சொன்னமே!”

வாழப்பாடி. பச்சைக் கதவு. விருந்தாளிபோல் போய் உட்கார்ந்த அந்த வீட்டில், பரண்மேல் ஒரு புதுத் தூக்குப்போசி. டெபோராவின் கைப்பைக்குள் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க வந்து சொன்னீங்கல்லங்க, அந்தூட்டுல பேரில்லாத பாத்திரம் ஒண்ணு இருக்குது, ஜாக்கிரதைன்னு. இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரிய வருதுன்னு நானே கேட்டனே! நீங்க சிரிச்சுப்போட்டுச் சொன்னீங்க: ‘பேரில்லாத பாத்திரம் இருக்கற வீட்டுல பேரு சொல்ல முடியாத சங்கதி இருக்கும்’னு. அப்புடியே மனசுல பதிஞ்சு போச்சுங்க. அந்தப் போசியச் சொல்லியே பொண்ண வேண்டாம்னுட்டோம்.”

அவருக்கு அவளைப் பார்த்த சந்தோஷம் அடங்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“பொறகு பாருங்க, நம்ம சொசைட்டியிலயே அதே மாதிரி மொட்டைப் போசி! ஒண்ணில்லீங்க, அஞ்சு! அந்தச் சீக்குக்கு ரத்தம் எடுக்கற ஆராய்ச்சிக்காரங்க வெள்ளை வேனும் இங்க வருது. இதே வேன் வாழப்பாடிக்கும் போவுதான்னு டிரைவரைக் கேட்டேன். போவுதுன்னான். எதுக்குன்னு நானே ஒண்ணோட ஒண்ணச் சேத்துக் கட்டிக்கிட்டனுங்க. எல்லாம் நீங்க கத்துக்குடுத்த பாடந்தானுங்க!”

தமிழரசு அவளைப் பார்த்தான்.

அன்று அந்த மாடி அறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டது டெபோராவுக்கு நினைவு வந்தது. அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று அன்று அவளுக்கு உண்மையில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எதுகையாக ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. கேட்டவர் வாயைப் பிளந்தார். அது போதுமாக இருந்தது.

“அய்யா,” என்றாள். “பாலால அந்த நோய் பரவாது. தொட்டா பரவாது. ஒரே தம்ளர்ல குடிச்சாலும் பரவாது. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா அவங்களும் நம்மளை மாதிரி நல்லா இருப்பாங்க. நாளைக்குக் காலையில அஞ்சு வீட்டுப் பாலையும் எடுத்துக்கங்க.”

தங்கசாமியின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“பரவாதுங்களா?” என்றார். “அப்ப அத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கோணுமல்லங்க?”

சேலம் போகிற வழியில் தமிழரசு பத்துக் கிலோமீட்டர் பேசவில்லை. கார் நிற்கவும் இல்லை. கொண்டலாம்பட்டி வந்ததும் தொண்டையைச் செருமினான்.

“மேடம், நம்மகிட்ட கேட்டது மேரி சொன்னாளா இல்லையான்னுதான். இல்ல, போசிதான் காட்டிக்கொடுத்துச்சு. அத்தோட கேஸ் முடிஞ்சுது. தலைவருக்கு யாரு பாடம் எடுத்தான்னு எவனும் கேக்கப்போறதில்ல. பாதி சொன்னாப் போதும்.”

“ரெக்கார்டு?”

“என் பேச்சே மேல விழுந்து தெளிவா பதிவாகலன்னு சொல்லிக்கலாம். யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் தீனதயாளனின் அறையில் இன்னாசிமேரியும் இருந்தாள். நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் வைத்து, வெளியே போ என்றால் எழுந்துவிடத் தயாராக. டெபோரா பாதியைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நூறு போசி, ஐந்து மொட்டை, ஐந்துக்கு நாலு மார்க். ஆத்தாயியின் பெயரைச் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வெறுமையா வாங்கச் சொன்னது நான்,” என்றார். “மேரி, உன்மேல தப்பே இல்லம்மா. குழுவுக்கு நான் இன்னைக்கே எழுதிடறேன்.”

இன்னாசிமேரி எழுந்து வந்து டெபோராவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“நீங்களும் என்னை அப்படி நெனச்சுட்டீங்களோன்னு இருந்தேன்க்கா. கோயில்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. ராத்திரியெல்லாம் அதான். ஆனா நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க.”

கதவோரம் நின்ற தமிழரசு தலையை லேசாக அசைத்தான். போதும் மேடம், கிளம்பலாம் என்று அர்த்தம்.

டெபோரா கையை இழுக்கப் பார்த்தாள். மேரி விடவில்லை. அந்தப் பிடிதான் தாங்க முடியாமல் போனது.

“அந்த அடையாளத்தைத் தலைவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்,” என்றாள். “ரெண்டு வருசம் முன்னால ஒரு கல்யாண விசாரணையில. அது எதோட அடையாளம்னு எனக்கே தெரியாது. பெருமைக்குச் சொன்னேன். பொண்ணு வேண்டாம்னு நின்னுபோச்சு.”

“எந்த வீட்டுல?” இன்னாசிமேரி கேட்டாள்.

“வாழப்பாடி. பச்சைக் கதவு.”

மேரியின் முகத்தில் ஏதோ மெதுவாக இறங்கியது. “அந்தம்மா ரெண்டு வருசமா எனக்குக் கதவைத் தொறக்கலை,” என்றாள், டாக்டரைப் பார்த்து. “மாத்திரையும் வாங்க வரலை. போன தீபாவளிக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேத்தாங்க. நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு எனக்குத் தெரியவே இல்ல சார். அங்கேயே போய் நின்னு நின்னு கேட்டேன்.”

“இப்ப?” என்றாள் டெபோரா. “இப்ப அவங்க எப்படி இருக்காங்க மேரி?”

இன்னாசிமேரி அவள் பக்கம் திரும்பினாள். தன் கைகள் இன்னும் டெபோராவின் கையைப் பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தவள்போல, ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். தமிழரசு வழிவிட்டு ஒதுங்கினான். வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள்.